திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு வெள்ளைப் பெட்டி

அத்தியாயம் 14

போன வாரம் லிஜியை மாடியில் படுக்கவைத்துவிட்டு வந்தோம். அவள் இன்னும் அங்கேயேதான் படுத்திருக்கிறாள். படி இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. வயிற்றில் ஏழாவது மாதம். புருஷன் பெனின் தோகாவில். குளியலறை சேர்ந்த அறை மாடியில் இருப்பதால் அவள் மேலே. சமையலறை கீழே இருப்பதால் மாமியார் செசிலி கீழே. நடுவில் பதினெட்டுப் படிகள்.

அந்தப் பதினெட்டுப் படிகளை இந்த ஐந்து வாரத்தில் செசிலி ஒரு தடவைகூட ஏறவில்லை. முட்டு வேதனை, முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். சோறும் மீன் குழம்பும் மாமனார் யேசுதாசன் கையில் மேலே வரும். மாமி வர மாட்டாள்.

லிஜிக்கு இது பெரிய மனத்தாங்கல். கல்யாணமாகிப் பதினொரு மாதம். மாமி திட்டியதில்லை, குறை சொன்னதில்லை, ஆசையாக நாலு வார்த்தை பேசியதும் இல்லை. இப்போது முகத்தையே காட்டுவதில்லை என்றால் ஒரு பெண் என்னதான் நினைப்பாள், சொல்லுங்கள்.

ஏதாவது வேண்டுமானால் லிஜி எவர்சில்வர் டம்ளரால் தரையில் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் குடிக்க வெள்ளம். இரண்டு தட்டு என்றால் சாயா. மூன்று தட்டினால் செசிலி முற்றத்துக்கு ஓடிவந்து அண்ணாந்து பார்த்து, "என்னட்டி, வாந்தியா?" என்று கத்துவாள். பக்கத்து வீட்டு முத்துக்கனி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "இண்ணைக்கு எத்தன மட்டம்?" என்று தடவைக் கணக்கு விசாரிப்பாள். ஊருக்கே தெரிந்த வாந்தி அது.

இந்தக் கூத்தைப் போனில் கேட்டுக் கேட்டுப் பொறுக்க முடியாமல்தான், லீவில் வந்த கூட்டாளி ஒருவன் கையில் பெனின் ஒரு சாமானைக் கொடுத்தனுப்பினான். செவ்வாய்க்கிழமை காலை அது குளச்சலுக்கு வந்து சேர்ந்தது.

அதே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லிஜியின் அம்மா வேளாங்கண்ணியும் வருவதாக இருந்தது, மகளை அழைத்துப் போக. முதல் பிரசவம் பெண் வீட்டில்தான் என்பது இந்தக் கரையில் யாரும் மாற்றிப் பேசாத முறை. வேளாங்கண்ணியின் ஊர் அஞ்சுகிராமத்துக்கும் அந்தப் பக்கம், கடற்கரையில். காரில் இரண்டு மணி நேரம். அந்த வருடம் ரோடு இருந்த லட்சணத்தில் மூன்று மணி நேரம்.

"கூட்டிட்டுப் போகலாம், ஆனா குலுக்காமக் கூட்டிட்டுப் போகணும்" என்றாள் டாக்டரம்மா. அந்த ரோட்டில் குலுக்காமல் போவது எப்படி என்று அவள் சொல்லவில்லை.

லிஜிக்குப் போகப் பயம், இருக்கவும் மனமில்லை. "இஞ்சயே இரு" என்று மாமி ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துவிடுவாள். அந்த ஒரு வார்த்தை வரக் காணோம். பொழுது விடிந்தால் கார் கிளம்பிவிடும்.

*

பெட்டியைப் பிரித்ததும் யேசுதாசனுக்குக் கை கால் ஓடவில்லை. இருபத்தெட்டு வருடம் விசைப்படகு ஓட்டிய மனிதர். உள்ளே இரண்டு வெள்ளைப் பெட்டிகள், ஒவ்வொன்றும் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்று மேலே, ஒன்று கீழே. பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினால் மற்றதில் கேட்கும்.

"வயர்லெஸ்ஸுலா இது! நாம பாக்காத வயர்லெஸ்ஸா?" என்று ஒன்றை வாயருகே பிடித்தார். "மேல வீடு, மேல வீடு, தாழ இருந்து யேசுதாசன் பேசுகேன். ஓவர்."

மேல வீட்டிலிருந்து பதில் இல்லை. மேலே போக வேண்டிய பெட்டி அவர் மடியிலேயே இருந்தது. மடியில் இருந்ததிலும் சத்தம் வரவில்லை. இரண்டுக்கும் இன்னும் கரண்டே கொடுக்கவில்லை.

ஊர் எலக்ட்ரீஷியன் அனிஷ் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். பஹ்ரைனில் ஆறு வருடம் வேலை பார்த்து வந்தவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா, பெட்டிக்கும் பெட்டிக்கும் எடையிலதான் வயரு வேண்டாம். கரண்டு வேண்டாமுன்னு ஒங்ககிட்ட ஆரு சொன்னா?"

"படகுல நாங்க கரண்டா வச்சிருந்தோம்?"

"பேட்டரி வச்சிருந்தியளே, அது என்ன, அல்வாவா?"

சரி, கரண்டு கொடுக்கலாம் என்றால், கூட வந்த அடாப்டருக்கு வளைகுடா நாட்டுச் சதுரக் கால்கள். நம் வீட்டுச் சுவரிலோ உருண்டை ஓட்டைகள். அது பெரிய பிரச்சினை இல்லை. இந்தக் கரையில் எந்த வீட்டு அலமாரியைத் துழாவினாலும், சதுரக் காலை உருண்டை ஓட்டைக்கு மாற்றும் கட்டை நாலைந்து கிடைக்கும். யேசுதாசன் வீட்டில் ஏழு கிடைத்தது.

பெரிய பிரச்சினை கரண்டேதான். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும், போனால் வருவதை மறந்தும் போகும். அந்த வருடம் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"நம்ம பழைய படகு பேட்டரி கெடக்கு. அதுல கொடுத்துருவோம்" என்றார் யேசுதாசன்.

"இது கேக்கது ஒம்பது வோல்ட்டு. படகு பேட்டரி பன்னெண்டு. கொடுத்தா, பெனின் அனுப்பினது பொகயாட்டு தோகாவுக்கே திரும்பிப் போவும். வேண்டாம் மாமா. இன்வெர்ட்டர் லைன்ல ஒரு பிளக்கு பாப்போம்."

மாடியில் லிஜியின் கட்டில் தலைமாட்டிலேயே இன்வெர்ட்டர் பிளக் இருந்தது. சமையலறையில் இல்லை. செசிலி நாள் முழுக்க நிற்பது சமையலறையில். ஹாலிலிருந்து சுவரைக் கொத்தி ஒரு லைன் இழுத்தால் அரை மணி நேர வேலை. அனிஷ் உளியையும் சுத்தியலையும் எடுத்தான்.

மீன் செதிள் ஒட்டிய கையோடு செசிலி ஓடிவந்தாள்.

"ஏலே, நில்லு! வயித்துப்பிள்ளக்காரி இருக்க வீட்டுல சுவத்துல உளிய வைக்கியா? ஒனக்குப் பிள்ளகுட்டி இல்லியா?"

"மாமி, அரை இஞ்சு ஆழம்தான்..."

"அரை இஞ்சோ அரை மயிரோ! ஒரு ஆணி அடிக்க விட மாட்டேன்."

விட மாட்டாள்தான். ஜூன் மாதம் ஆணியோடு கழன்று விழுந்த கோயில் காலண்டர் அன்று முதல் ஹாலில் ஒரு நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பங்குச் சாமியாரே வந்து பார்த்து, "அதெல்லாம் மூடநம்பிக்கை அம்மா, ஆணி அடிச்சு மாட்டுங்க" என்றார். "சாமி எத்தன பிள்ள பெத்திய?" என்று கேட்டு அவரையும் சாயா குடிக்கவைத்து அனுப்பிவிட்டாள். முறை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டால் செசிலி விட மாட்டாள் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"நீட்டு வயரு போட்டுத் தரயில கொண்டு வரட்டா?"

"ஆரு காலு தட்டி வுழுகதுக்கு?"

அனிஷ் உளியைப் பைக்குள் போட்டான். கீழ்வீட்டில் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது ஒரே ஒரு பிளக். ஹாலில், திருஇருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே. வீடு கட்டும்போது, ஊரே இருட்டில் கிடந்தாலும் ஆண்டவர் முன்னால் எரிகிற சிவப்பு விளக்கு அணையக் கூடாது என்று செசிலிதான் ஒற்றைக் காலில் நின்று அதை வைக்கச் சொன்னாள்.

"அப்பம் அங்கதான்" என்றான் அனிஷ். "ஆண்டவரு காவலாட்டு இருப்பாரு."

படத்தட்டில் பிளாஸ்டிக் ரோஜாக்களுக்குப் பின்னால் பெட்டியை அழகாக ஒளித்துவைத்தான். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனான். யேசுதாசன் கீழே பெட்டியருகே நின்று பதில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் அவருக்கு மூன்று நிமிடம் ஒரே இடத்தில் நிற்க முடியுமா? வீட்டுக்கு வயர்லெஸ் வந்த செய்தியைச் சொல்ல முத்துக்கனி வீட்டு மதிலுக்குப் போய்விட்டார்.

கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. செசிலி கையைக் கழுவிக்கொண்டு, வழக்கம்போல மத்தியானச் செபத்துக்குப் படத்தின் முன் முழங்காலில் நின்றாள். பெட்டி எங்கே வைக்கப்பட்டது என்பது அவளுக்குத் தெரியாது.

"கேக்கா?" என்றது படத்துக்குக் கீழிருந்து ஓர் ஆண் குரல்.

செசிலி நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள்.

"ஹலோ. கேக்கா? கேட்டா பதிலு சொல்லணும்."

"கேக்கு ஆண்டவரே" என்றாள் செசிலி கைகூப்பி. "சொல்லுகேன், எல்லாம் சொல்லுகேன்."

"ஒண்ணும் வரல்லியே. பட்டன அமுக்கிப் பிடிச்சிட்டுச் சொல்லுங்க."

ஆண்டவர் பட்டனைப் பற்றிப் பேச மாட்டார் என்பது செசிலிக்குத் தெரியும். எழுந்தாள். பிளாஸ்டிக் ரோஜாவை விலக்கினாள். பிறகு மாடியைப் பார்த்து அவள் போட்ட சத்தத்துக்கு வயரும் வேண்டியிருக்கவில்லை, வயர்லெஸ்ஸும் வேண்டியிருக்கவில்லை.

"அனிஷே! இறங்கி வால! ஒனக்கு இண்ணைக்கு இஞ்ச சோறு கிடையாது!"

மேலே லிஜி, ஐந்து வாரத்தில் முதல் தடவையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அனிஷுக்குச் சோறு கிடைத்தது. நெத்திலி வறுவலும் கிடைத்தது. சாப்பிட்டுக் கை கழுவும்போது யேசுதாசனைத் தனியே கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தான்.

"ரெண்டு பட்டனயும் சேத்து அமுக்கினா பூட்டு விழும். செவப்பு லைட்டு எரியும். பொறவு கை வைக்கவே வேண்டாம், இஞ்ச பேசுகது எல்லாம் மேல கேட்டிட்டே இருக்கும். ஆனா பூட்டு கெடக்கும்போ மேல இருந்து பேசினா இஞ்ச கேக்காது. லிஜி படுத்திட்டே செபமாலைக்குக் கூடலாமுல்லா?"

"கொள்ளாமே, நல்ல காரியம்" என்றார் யேசுதாசன். எதையோ யோசித்துக்கொண்டே மீசையைத் தடவினார்.

*

வேளாங்கண்ணி ஐந்து மணிக்கு வந்து இறங்கினாள். வாடகைக் கார், ஒரு டிரைவர், இரண்டு தூக்குவாளி நிறைய முந்திரிக்கொத்து, ஒரு சீப்பு மட்டிப்பழம்.

"வாருங்க மைனி" என்றாள் செசிலி.

"நல்லாருக்கியளா மைனி" என்றாள் வேளாங்கண்ணி.

சம்பந்திகள் இருவருக்கும் இடையில் எப்போதும் அவ்வளவுதான். மரியாதைக்குக் குறைவில்லை, அதற்கு மேலும் எதுவும் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவது, லிஜியை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குவது, காரின் பின்சீட்டில் மெத்தை போடுவது எல்லாம் பேசி முடிவாயிற்று. செசிலி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

வேளாங்கண்ணி மாடிக்குப் போய் மகளின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அறைக்கு வெள்ளை அடிச்சாச்சு. தொட்டிலு வாங்கியாச்சு. ஒங்கப்பா ரெண்டு நாளா தொட்டில ஆட்டிப் பாத்திட்டு இருக்காரு. நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"மாமியாரு ஏதும் சொன்னாளா?"

"ஒண்ணுமே சொல்லல்ல. அதான்."

ஏழு மணிக்குக் கரண்டு போனது. தெருவே இருண்டது. ஹாலில் ஒரு டியூப்லைட்டும் ஆண்டவர் முன்னால் சிவப்பு விளக்கும் மட்டும் எரிந்தன. அக்டோபர், செபமாலை மாதம். வீடு வீடாகக் குரல் எழும் நேரம். யேசுதாசன் படத்தட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுவதுபோலக் குனிந்து, ரோஜாக்களுக்கு நடுவே விரலை விட்டு, இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினார்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க..."

மாடியில் கட்டில் தலைமாட்டிலிருந்து மாமாவின் கரகரத்த குரல் கேட்டதும் லிஜிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து வாரமாகத் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்த செபமாலை. அம்மாவும் மகளும் மேலிருந்தே பதில் செபம் சொன்னார்கள்.

செபமாலை முடிந்தது. யேசுதாசன் மணிமாலையை முத்தமிட்டு மாட்டிவிட்டு வாசலுக்குப் போனார். டிரைவர் சமையலறைக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்புமாக உட்கார்ந்திருந்தான். செசிலி எழுந்திருக்கவில்லை. செபமாலை முடிந்ததும் பத்து நிமிடம் அவள் ஆண்டவரிடம் தனியாகப் பேசுவாள். அந்த நேரத்தில் யாரும் ஹால் பக்கம் போகக் கூடாது. அந்த வீட்டு வழக்கம் அது.

சிவப்பு லைட் ரோஜாக்களுக்குப் பின்னால் எரிந்துகொண்டே இருந்தது.

"ஆண்டவரே, அவ அம்மைக்காரி வந்திருக்கா" என்றது மாடியில் பெட்டி.

லிஜி திடுக்கிட்டாள். "ஐயோ, மாமி பெட்டிய அமத்தல்ல." எட்டிப் பட்டனை அமுக்கினாள். "மாமி! மாமி, மேல கேக்கு!"

கீழே பூட்டு விழுந்த பெட்டிக்கு அது எட்டவில்லை. செசிலி பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

"முந்திரிக்கொத்து கொண்டு வந்திருக்கா. கல்லாட்டு இருக்கு. கடவாப்பல்லு ஒண்ணு மிச்சம் உண்டும், அதும் போச்சு. நான் ஒண்ணும் சொல்லல்ல."

"கல்லாட்டா இருக்கு?" என்றாள் வேளாங்கண்ணி, முகம் சிவந்து. "நான் போய்ச் சொல்லிட்டு வாறேன்." அறை வாசலை எட்டியிருப்பாள். அடுத்து வந்த குரல் அவளை வாசற்படியிலேயே நிறுத்திவிட்டது.

"விடிஞ்சா கூட்டிட்டுப் போயிருவாவ. மொதப் பிரசவம், அவியளுக்கு உள்ள முற. வேண்டாமுன்னு சொல்ல நான் ஆரு? சொன்னா, சம்மந்திக்காரி ஆசைய மண்ணாக்கினான்னு ஆவும். எனக்கொரு மக இருந்திருந்தா எனக்கும் அப்படித்தான இருக்கும்."

பெட்டியில் சற்று நேரம் மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும்.

"முட்டு வேதனன்னு சொல்லி ஏமாத்துகேன். ஒமக்குத் தெரியாததா? தெனம் காலையில கோயிலுக்கு நடந்துதான வாறேன்? மேல போனா அந்தப் பிள்ள மொகத்தப் பாக்கணும். பாத்தா போகாதட்டின்னு காலப் பிடிச்சிருவேன். அதுக்குப் பயந்துதான் ஏறல்ல. அவ என்ன நெனச்சிட்டு இருக்காளோ."

லிஜி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னயும் இப்படித்தான கூட்டிட்டுப் போனாவ. ஏழாம் மாசம். பஸ்ஸுல. தக்கலை தாண்டேல வேதன தொடங்கிச்சு. ரோட்டோரத்துல ஆரோ ஒரு புண்ணியவதி வீட்டுத் திண்டுல... ஒரு மணிக்கூறு உயிரோட இருந்துது ஆண்டவரே. கண்ணத் தொறந்து என்னப் பாத்துது. பேரு வைக்கதுக்குள்ள எடுத்திட்டீரு. முப்பத்தொரு வருசம் ஆச்சு. பெனினுக்கே தெரியாது, தனக்கு மூத்தது ஒண்ணு இருந்துதுன்னு. நான் ஒம்மகிட்ட சண்டைக்கு வரல்ல. இந்தப் பிள்ளயயாவது அந்த ரோட்டுல அனுப்பாதயும். எப்படின்னு எனக்குத் தெரியாது. நான் கேக்க முடியாது, நீரு கேளும்."

சிலுவை போட்டுக்கொள்ளும் முணுமுணுப்பு கேட்டது. பிறகு பாத்திரச் சத்தம். செசிலி சமையலறைக்குப் போய்விட்டாள்.

வேளாங்கண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மகளைப் பார்த்தாள். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"நீ இருக்கியா, வாறியா?"

"இருக்கேன்மா."

"செரி" என்று சொல்லிவிட்டு வேளாங்கண்ணி படியிறங்கினாள்.

வாசலில் யேசுதாசன் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, பெட்டிய அமத்த மறந்துட்டியளோ?"

"மறந்துதான் போச்சு" என்றார் அவர், கேள்வி முடிவதற்கு முன்பே. பிறகு குரலைத் தாழ்த்தினார். "முப்பத்தொரு வருசமா அவருகிட்ட மட்டும்தான் சொல்லுகா தங்கச்சி. என்கிட்டகூட வாயத் தொறக்க மாட்டா. வேற ஆராவது ஒருத்தரு கேக்கட்டும்னு தோணிச்சு."

வேளாங்கண்ணி நேரே சமையலறைக்கு நடந்தாள்.

"மைனி, காலையில போக முடியாது. டிரைவருக்கு வயிறு செரியில்லியாம்."

செசிலி கையில் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். டிரைவர் மூன்றாவது தட்டை நீட்டி, "அக்கா, இன்னும் ரெண்டு துண்டு மீன்" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"இவனுக்கா?" என்றாள் செசிலி.

"ஆமா, பாவம்" என்றாள் வேளாங்கண்ணி, கண்ணைச் சிமிட்டாமல். "ஏலே, நீ விடிஞ்சதும் வண்டிய எடுத்திட்டுப் போய், என் துணிமணியும் அந்தத் தொட்டிலயும் ஏத்திட்டு வா. மைனி, முற என்ன? பெத்தவ பக்கத்துல பிரசவம் நடக்கணும். பெத்தவ எந்த ஊருல நிக்கணும்னு எங்கயும் எழுதி வைக்கல்லியே. ஒரு பாய் போட எடமிருந்தா நான் இஞ்சயே நிக்கேன். பிள்ளையக் குளுப்பாட்டிட்டுத்தான் போவேன்."

செசிலியின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் விழுந்தது. பிறகு ஹால் பக்கம் திரும்பி, ஆண்டவர் படத்தை ஒரு பார்வை பார்த்தாள். இவ்வளவு சீக்கிரமாகவா என்று கேட்கிற பார்வை அது.

"பாய் எதுக்கு மைனி? கட்டில் கெடக்கு" என்றாள் கடைசியில்.

இத்தோடு எல்லாம் சுபம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். லிஜி அப்படி நினைக்கவில்லை. மாமி யாரிடமும் சொல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டு, கேட்காததுபோல நாளைக் காலை அவள் கையால் சாயா வாங்கிக் குடிக்க லிஜியால் முடியாது. இனி அவள் இங்கேயே இருக்கப் போகிறாள். ஒரு பொய்யோடு இருக்கக் கூடாது.

யேசுதாசன் பூட்டை எடுத்துவிட்டிருந்தார். லிஜி பட்டனை அமுக்கினாள்.

"மாமி. ஒருக்கா படத்துக்கிட்ட வருவியளா?"

காலடிச் சத்தம் மாடிக்குக் கேட்காது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று தெரியாமல் காத்திருந்தாள். பிறகு கரகரவென்று ஓர் ஓசை. செசிலி வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பட்டனை அமுக்குகிறாள்.

"என்ன மக்களே? வெள்ளமா?"

"இல்ல மாமி. பெட்டி பூட்டுல கெடந்துது. நீங்க ஆண்டவர்கிட்ட சொன்னது எனக்குக் கேட்டுது. அமத்தச் சொல்லி நான் கூப்பிட்டேன், ஒங்களுக்குக் கேக்கல்ல. என்ன மன்னிச்சிருங்க."

லிஜி பெட்டியருகே காதைக் கொண்டுபோனாள்.

"எல்லாமா?" என்றது கடைசியில்.

"எல்லாம் மாமி."

"முந்திரிக்கொத்துமா?"

"அம்மாவும் கேட்டா."

"ஐயோ, என் மாதாவே!" என்றாள் செசிலி. பிறகு வேறு குரலில் வந்தது கேள்வி. "அப்பம், அந்தப் பிள்ளயும்?"

"அதும் மாமி."

"பொண்ணு" என்றாள் செசிலி. "நெறய முடி இருந்துது."

லிஜி பட்டனைத் தொடவில்லை. மாமி பேசட்டும் என்று விட்டாள்.

"வெள்ளிக்கிழம கல்லறைத் திருநாளு. செத்தவிய பேரு எல்லாம் எழுதிக் குடுப்பாவ, பூசையில சாமி வாசிப்பாரு. ஒவ்வொரு வருசமும் நானும் துண்டுச்சீட்டு எடுப்பேன். எங்கப்பன் பேரு எழுதுவேன், எங்கம்மை பேரு எழுதுவேன். அதுக்கு எழுத ஒரு பேரு இல்லாமப் போச்சு. இந்த வருசம் எழுதணும். நீ ஒரு பேரு சொல்லு."

"நானா மாமி?"

"நீதான். நான் வைக்கத் தொடங்கினா அழுதிருவேன். மாமாவும் அழுவாரு. நீ சொல்லு."

லிஜியிடம் ஒரு பெயர் இருந்தது. தன் வயிற்றில் இருப்பது பெண்ணானால் வைக்க வேண்டும் என்று ஏழு மாதமாக மனதுக்குள் மூடிவைத்திருந்த பெயர். பெனினிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு கணம் வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். பிறகு பட்டனை அமுக்கினாள்.

"அமலி."

பிடிக்கவில்லையோ என்று அவள் பயந்தபோது, மிக மெதுவாக, கூப்பிட்டுப் பார்ப்பதுபோல, "அமலி" என்றது பெட்டி. பிறகு கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை.

கட்டிலில் கிடந்த மொபைல் அந்த நேரம் பார்த்துத்தான் அடித்தது. பெனின். செட் வேலை செய்கிறதா என்று கேட்கத் துடித்துக்கொண்டிருப்பான்.

"மாமி, அவிய கூப்பிடுகாவ. நான் என்ன சொல்லட்டும்?"

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். எடுத்து ஸ்பீக்கர்ல போட்டுப் பெட்டிக்குப் பக்கத்துல வையி. நான் சொல்லுகேன்."

லிஜி பச்சைப் பட்டனை அமுக்கி, மொபைலைப் பெட்டியோடு சேர்த்துவைத்து, அவன் குரல் கீழே கேட்கப் பெட்டியின் பட்டனையும் அமுக்கினாள்.

"ஹலோ லிஜி, கேக்கா? அம்மா என்ன சொல்லுகா?" என்றான் பெனின் தோகாவிலிருந்து, உற்சாகமாக.

"பெனினே, அம்மைதான் பேசுகேன்" என்றது வெள்ளைப் பெட்டி. "ஒனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா மக்களே. பேரு அமலி."